யார் வீட்டிலும் இறங்கக் கூடாது

காலாண்டு விடுமுறை என்று பேர்தான். விடைத்தாள் கட்டுகளைக் கையில் கொடுத்துவிட்டுத்தான் எங்கள் பள்ளிக்கூடத்தில் ஆசிரியைகளுக்கு விடுமுறை விடுவார்கள். அந்த வருடம் ஆயுத பூஜைக்கு வீடு கழுவி, கார் கழுவி, சுண்டல் அவித்து, வந்தவர்களுக்குப் பொரி கொடுத்து முடித்தபோது எனக்கு இடுப்பே விட்டுப்போயிருந்தது. மறுநாள் விஜயதசமி. கதவைச் சாத்திக்கொண்டு தூங்க வேண்டும், அவ்வளவுதான் என் திட்டம்.

அப்போது என் மகள் வந்து, "வைகை டேமுக்குப் போலாமாம்மா?" என்றாள்.

அவள் வாய் திறந்து ஒன்று கேட்டே பல மாதங்கள் ஆகியிருந்தன. டாக்டர் படிப்புக்கான நுழைவுத் தேர்வை இரண்டாவது தடவையும் எழுதி, இரண்டாவது தடவையும் இடம் கிடைக்கவில்லை. யாரிடமும் சொல்லாமல் தானே ஒரு கல்லூரியில் விண்ணப்பம் வாங்கி பி.காம் சேர்ந்துவிட்டாள். அதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் அவள் அப்பா அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருந்தாலாவது பரவாயில்லை. அவள் ஆறாம் வகுப்பு படிக்கும்போதே "எங்க வீட்டு டாக்டரம்மா" என்று சொந்தக்காரர்கள் அத்தனை பேரிடமும் சொல்லிவைத்த மனிதர் அவர். இப்போது அவர்கள் யாரிடமும் "கிடைக்கவில்லை" என்று அவர் வாயால் சொல்லவே இல்லை. அதைச் சொல்லிவிட்டால் போதும், இந்தப் பெண் நிமிர்ந்துவிடுவாள் என்று எனக்குத் தெரியும். அவரிடம் சொல்லியும் பார்த்தேன். "பாப்போம்" என்றார். எதைப் பார்க்கப் போகிறார் என்று நானும் கேட்கவில்லை, அலுத்துப்போயிருந்தது.

டேமுக்குப் போவதற்கு மகள் ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். "யார் வீட்லயும் எறங்கக் கூடாது."

"சத்தியமா எறங்க மாட்டோம்" என்றார் அவர்.

சத்தியம் பண்ணிய கையோடு மனிதர் என்ன செய்தார் தெரியுமா? முன்பக்கம் வாழைக்கன்று கட்டி, சந்தனம் வைத்து நின்ற காரைப் போட்டோ எடுத்து, "குடும்பத்துடன் வைகை அணை பயணம்" என்று வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்துவிட்டார். நாங்கள் வாங்கிய முதல் கார், அதுவும் செகண்ட் ஹாண்ட். பெருமை தாங்கவில்லை. மதுரையிலிருந்து ஆண்டிபட்டி வரைக்கும் அந்த ரோட்டில் இரண்டு பக்கமும் அவருடைய ஆட்கள்தான். ஊர் வழியாகப் போய்விட்டு வீட்டை எட்டிப் பார்க்காமல் போனால், அடுத்த காதுகுத்து வரைக்கும் அதைச் சொல்லிச் சொல்லியே காட்டுவார்கள். அந்த ஸ்டேட்டஸ் விஷயம் எனக்குச் செக்கானூரணியில்தான் தெரிந்தது.

அங்கே டீக்கடை வாசலில் அவருடைய பெரியப்பா மகன் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு நடுரோட்டுக்கே வந்து கையைக் காட்டினார். "ஸ்டேட்டஸப் பாத்தேன். பாத்ததுல இருந்து இங்கனயேதான் நிக்கிறேன், தம்பி" என்றார். எப்படி நிறுத்தாமல் போவது? வீட்டுக்குப் போனோம். பொரி, கலர், டீ. பெரியப்பா மகன் வேட்டியை முழங்காலுக்கு மேல் ஏற்றிவிட்டுக்கொண்டு என் மகளுக்கு எதிரில் உட்கார்ந்தார்.

"டாக்டரம்மா, இந்தா பாரு, ராத்திரியான்னா குத்துக் குத்துன்னு குத்துது. என்ன மாத்திர போடலாம்?"

மகள் அவள் அப்பாவைப் பார்த்தாள். அவர், "அது இப்பத்தாண்ணே மொத வருசம்" என்றார். பொய் என்றும் சொல்ல முடியாது. பி.காம் முதல் வருடம்தானே.

உசிலம்பட்டியில் அவருடைய சித்தி வீடு. அங்கேயும் பொரி, அங்கேயும் கலர். சித்தி ரத்த அழுத்த மாத்திரை அட்டையைக் கொண்டுவந்து நீட்டினார். அங்கேயும் அதே "மொத வருசம்". புளியோதரைக் கூடை கார் டிக்கியில் அப்படியே இருந்தது. வெயில் உச்சிக்கு வந்து, மானாவாரிக் காடுகள் மேல் கண்ணைக் கூசவைத்துக்கொண்டு கிடந்தது. எனக்குப் பசியில்லை, தூக்கம்தான் வந்தது. பின்சீட்டில் மகள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "சத்தியம்னீங்க" என்று மட்டும் சொன்னாள். அவர் ஏ.சி.யைக் கூட்டினார்.

ஆண்டிபட்டிக் கணவாய்க்கு இந்தப் பக்கம் ஓர் ஊரில் அவருடைய அக்கா இருக்கிறார். புருஷன் போன பிறகு தனியாக இரண்டு மாடு வைத்துப் பிழைப்பவர். தம்பியைப் படிக்கவைக்க இந்த அக்காதான் அம்மாவோடு சேர்ந்து அடுத்தவர் காட்டில் களை எடுத்தார் என்று என் கணவர் ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறார். அதனால் அங்கே நிறுத்தாதீர்கள் என்று நானே சொல்லமாட்டேன்.

நாத்தனார் எழுந்து வரவில்லை. கட்டிலில் உட்கார்ந்தபடியே, "வாங்க, வாங்க, டாக்டரம்மா வந்துருச்சா?" என்றார். இடது காலில் துணி சுற்றியிருந்தது. அதை அவரே அவிழ்த்தார். கட்டைவிரலுக்குப் பக்கத்து விரல் கறுத்துப்போயிருந்தது. வாடை வந்தது.

"சர்க்கரைப் புண்ணுங்கிறாக. வெரல எடுக்கணுமாம். எங்க டாக்டரம்மாட்டக் கேக்காம ஒரு வெரலயும் குடுக்க மாட்டேன்னு சொல்லிட்டு வந்துட்டேன்" என்று சிரித்தார். தலையணைக்கு அடியிலிருந்து ஆஸ்பத்திரிச் சீட்டை எடுத்து என் மகளிடம் நீட்டினார். "நீ சொல்லு தாயி. எடுக்கணுமா, வேணாமா?"

என் கணவர் தொண்டையைச் செருமினார். மறுபடியும் "மொத வருசம்" என்று ஆரம்பித்துவிடப் போகிறார் என்று எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அதற்குள் மகள் பேசிவிட்டாள்.

"அத்தை, நான் டாக்டருக்குப் படிக்கல. எனக்குக் கெடைக்கல. பி.காம் படிக்கிறேன்."

நாத்தனார் அவளைப் பார்த்தார். பிறகு தம்பியைப் பார்த்தார். "நீ ஒண்ணுமே சொல்லலையேடா" என்றார். பிறகு, யாரிடம் என்றில்லாமல் அந்த அம்மாள் கேட்டார்: "அப்ப ஆவணியில இருந்து நான் யாருக்காகக் காத்துக்கிட்டு இருந்தேன்?"

என் மகள் சீட்டை மடித்துத் தன் கைப்பையில் வைத்தாள். "கெளம்புங்க அத்தை. பெரியாஸ்பத்திரிக்கு இப்பவே போறோம். மாட்டப் பக்கத்து வீட்ல பாத்துக்கச் சொல்லுங்க" என்றாள். அவள் இவ்வளவு சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை. நாத்தனாரை நானும் மகளும் தாங்கிப் பிடித்துக் கொண்டுவந்து பின்சீட்டில் உட்காரவைத்தோம். மகள் அந்தக் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அன்று அட்மிட் ஆனதும், பிறகு விரலை எடுத்ததும், காலுக்கு ஒன்றும் ஆகாமல் தப்பித்ததும் தனிக் கதை.

கார் மதுரைப் பக்கம் திரும்பியது. டேமைப் பற்றி யாரும் பேசவில்லை. உசிலம்பட்டி தாண்டியதும் போன் அடித்தது. இந்தக் காரில் யார் கூப்பிட்டாலும் ஸ்பீக்கரில் எல்லோருக்கும் கேட்கும். கொட்டாம்பட்டியில் இருக்கும் என் அண்ணன்.

"என்ன மாப்ள, இப்பத்தான் ஸ்டேட்டஸப் பாத்தேன். அம்புட்டுத் தூரம் போறீக, ஒரு வார்த்த சொல்லிருந்தா நானும் வந்துருப்பேன்ல? எங்க டாக்டரம்மா? அதுட்டப் போனக் குடுங்க, ஒரு சந்தேகம் கேக்கணும்."

நான் பேசலாம் என்று வாயைத் திறந்தேன். என் அண்ணன்தானே, சமாளித்திருப்பேன். அவர் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு கையை எடுத்து என்னைத் தடுத்தார்.

"மச்சான், பிள்ள டாக்டருக்குப் படிக்கல."

"என்னது?"

"ரெண்டு தடவ எழுதுச்சு. கெடைக்கல. பி.காம் படிக்குது. நாந்தேன் யாருட்டயும் சொல்லல." முன்னால் போன லாரியைத் தாண்டினார். பிறகு, "எல்லாருட்டயும் சொல்லிருங்க மச்சான். இனி யாரும் பிள்ளைய அப்படிக் கூப்பிட வேணாம்" என்றார்.

"சரி மாப்ள... அதுக்கென்ன... வண்டியப் பாத்து ஓட்டுங்க" என்று அண்ணன் வைத்துவிட்டார்.

பிறகு பின்சீட்டில் என் மகள் அழ ஆரம்பித்தாள். முதலில் மெதுவாக, அப்புறம் சின்னப் பிள்ளை மாதிரி வாய்விட்டு. நாத்தனார் கையை எட்டி அவள் தலையைத் தடவிக்கொண்டு, "அழு தாயி, அழு" என்றார். என் கணவர் காரை நிறுத்தவில்லை, கண்ணாடியிலும் பார்க்கவில்லை. புறங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஓட்டினார். எனக்குத் திரும்பிப் பார்க்கக்கூடத் தெம்பில்லை. சீட்டில் தலையைச் சாய்த்து, கண்ணை மூடிக்கொண்டு, அவள் அழுது முடிக்கட்டும் என்று கேட்டுக்கொண்டே வந்தேன்.