ஞாயிற்றுக்கிழமை மீனவர்

அன்று காலையிலிருந்தே மாமாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. வாசலுக்குப் போவார், செல்போனைப் பார்ப்பார், மாடிக்கு ஏறுவார், உடனே இறங்குவார். அவர் பின்னாலேயே நானும் ஏறி இறங்கினேன். ஒன்பது வயதில் எனக்கும் கால் ஓரிடத்தில் நிற்காது.

விஷயம் இதுதான். புதிதாகக் கிளம்பிய ஓர் இயக்கத்தில் மாமா மும்முரமாக இருந்தார். நகரச் செயலாளர் பதவி மேல் அவருக்குக் கண். தலைமையோ, எல்லாத் தரப்பு மக்களையும் சேர்த்துக் காட்டுகிறவருக்குத்தான் பதவி என்று சொல்லிவிட்டது. அதைப் பார்க்கச் சென்னையிலிருந்து ஓர் அக்கா வரப்போகிறார். மாமா சேர்த்திருந்ததோ, துறைமுகத்துப் பக்கம் அவருடைய லாரி ஷெட்டில் வேலை பார்த்த ஆட்களை மட்டும். அதில் பாதிப் பேர் எங்களுக்குச் சொந்தம் வேறு.

மாமா அசருகிற ஆளா? ஒரு டிரைவரை மீனவர் ஆக்கினார். கிளீனரை உப்பளத் தொழிலாளி ஆக்கினார். புக்கிங் கிளார்க்குக்குப் பச்சைத் துண்டைப் போட்டு, ஆற்றுப்பக்கத்து விவசாயி என்றார். கேள்வி கேட்டு அவர்களைத் தயார்செய்யும் வேலை எனக்கு. "ஏளா, நல்லாக் கேளு. ஒருத்தனும் உளறிறக் கூடாது" என்றார். நானும் ஸ்கேலைக் கையில் வைத்துக்கொண்டு அந்தப் பெரிய மனுஷர்களைப் பாடாய்ப் படுத்தினேன். இன்றைக்கு நினைத்தாலும் சந்தோஷமாகத்தான் இருக்கிறது.

அம்மா கீழே அடுப்படியில் டீ போட்டுக்கொண்டிருந்தாள். கூட மூன்று பேர். மாதா கோயிலில் பூசை முடிந்து நேராக வந்த மீன்காரம்மா, உப்பளத்து வேலைக்குப் போகிற ஒரு பெண், முஸ்லிம் தெருவிலிருந்து ஒரு ராத்தா. சாயங்காலந்தோறும் தெருத் தெருவாக நடந்து, அம்மா இயக்கத்தில் சேர்த்தவர்கள் இவர்கள். இன்னும் பல பேர் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். அந்தத் தாள்களை மாமா, "பொம்பளையாளுவள்லா, பொறவு பாப்போம்" என்று பிரிட்ஜ் மேல் போட்டவர்தான். திரும்ப எடுக்கவில்லை.

"இன்னைக்காவது இவுகளை மாடியில உக்கார வையுங்கண்ணே" என்று அம்மா காலையில் இரண்டு தடவை கேட்டாள். மாமா இரண்டு தடவையும் மணியைப் பார்த்தார்.

அந்த அக்கா வந்தார். சிரித்த முகம். மாடியில் உட்கார்ந்து நோட்டை விரித்து, டிரைவரிடம் கடல் தொழில் எப்படிப் போகிறது என்று விசாரித்தார். டிரைவர் நான் சொல்லிக்கொடுத்ததை ஒழுங்காகச் சொல்லிவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். ஆர்வக்கோளாறு. "இன்னைக்கும் விடியக்காலமே கடலுக்குப் போயிட்டுத்தான்க்கா வாரேன். வள்ளத்தைக் கரையில விட்டுட்டு நேரா இங்கன வந்துட்டேன்" என்றார்.

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "ஐயே, ஞாயித்துக்கிழமை எவன் கடலுக்குப் போவான்?" என்று கத்திவிட்டேன். எங்கள் கரையில் ஞாயிற்றுக்கிழமை பூசை நாள், வள்ளம் இறங்காது. சின்னப் பிள்ளைக்கும் தெரியும். லாரி ஓட்டுகிறவருக்கு அவசரத்தில் மறந்துபோயிற்று.

அக்கா டிரைவரைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார், நோட்டை மூடினார். அந்த நேரம் பார்த்து அம்மாவும் மற்ற மூவரும் டீயோடு ஏறி வந்தார்கள். இவர்கள் யார் என்று அக்கா கேட்டார்.

"எந்தங்கச்சிக்கா. மத்தவுக சும்மா டீ போட ஒத்தாசைக்கு வந்தவுக" என்றார் மாமா.

அம்மா வாயைத் திறந்தாள். மாமா முறைத்தார். தட்டை வைத்துவிட்டு நான்கு பேரும் இறங்கிப் போனார்கள்.

அக்காவின் காரை அனுப்பிவிட்டு மாமா என் காதைத் திருகிய திருகு இன்னும் நினைவிருக்கிறது. பதவி போயிற்று, என்னாலேதான் போயிற்று. நான் அழுதுகொண்டே அடுப்படிக்கு ஓடினேன். நான்கு பேரும் அங்கேயே நின்றிருந்தார்கள்.

"போகும்போது அந்தம்மா ஏதும் சொன்னாவளா?" என்று அம்மா கேட்டாள்.

"பொம்பளையாளு ஒருத்தர்கூட இல்லையேன்னு சொன்னாவ. டீயில சீனி கம்மின்னும் சொன்னாவ."

மீன்காரம்மாதான் முதலில் செருப்பை மாட்டினார். பின்னாலேயே மற்ற இருவரும் கிளம்பினார்கள். அம்மா பிரிட்ஜ் மேலிருந்த தாள்களை எடுத்து ஒவ்வொன்றாகக் கிழித்தாள். அன்று முழுக்க அவள் முகம் சரியில்லை. அவள் போட்ட டீயைப் போய்க் குறை சொல்லிவிட்டார்களே என்று எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. சாயங்காலம் நானே டீ போட்டு, மூன்று கரண்டி சீனியை அள்ளிப் போட்டுக் கொண்டுபோய் நீட்டினேன்.

"இப்போ சீனி சரியா இருக்காம்மா?" என்று கேட்டேன்.