எனக்கு நாற்பத்தேழு மட்டும் போதும்

தூத்துக்குடியில் இந்தி சொல்லிக்கொடுத்துப் பிழைப்பவளுக்கு மத்தளத்தைப் போல இரண்டு பக்கமும் இடி. தெருவில் போனால் "இந்தியை எதுக்கு ஊருக்குள்ள இழுத்துட்டு வாரிய?" என்று ஏசுவார்கள். வகுப்புக்குள் வந்தால் "ரெண்டு மாசமாச்சு, இன்னும் வாயில நுழைய மாட்டேங்கு" என்று ஏசுவார்கள். டியூஷன் எடுத்துத் தொண்டை கெட்டுப்போன சக வாத்தியார்களே, இந்த வயிற்றெரிச்சல் உங்களுக்குத்தான் புரியும். அப்பா காண்ட்லா துறைமுகத்தில் கிரேன் ஓட்டியதால் எனக்கு அந்த மொழி வந்தது. கல்யாணமாகி இங்கே வந்தபின் அதுவே தொழிலாயிற்று. ஒரு மீன்வலைக்கடை மாடியில் தினமும் சாயங்காலம் ஆரம்ப வகுப்பு.

வணக்கம், பெயர் என்ன, ஊர் எது என்பதெல்லாம் சிரித்துக்கொண்டே போய்விடும். மூன்றாவது பாடம் வயது, எண்கள், பிறந்தநாள். அங்கேதான் ஒவ்வொரு முறையும் எனக்கு ரத்தம் கொதிக்கும். இந்த வருஷம் பொங்கி அடுப்பையே அணைத்துவிட்டது. காரணம், லூர்தம்மாள் என்ற மீன்காரி. குஜராத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் அடிபட்டுக் கிடந்த தன் வீட்டுக்காரர் எப்படி இருக்கிறார் என்று தெரிந்துகொள்ள, அவள் என்னிடம் இந்தி படிக்க வந்தாள்.

ஒரே ஓர் எண்

லூர்து மீனவர் குடியிருப்பான திரேஸ்புரத்துக்காரி. ஆகஸ்ட் மாதம் ஒருநாள், மீன்கூடையை மாடிப்படியில் வைத்துவிட்டு நேராக என் மேசைக்கு வந்தாள். அவள் வீட்டுக்காரர் மிக்கேல் குஜராத்தில் ஒரு மீன்பிடி போட்டுக்கு வேலைக்குப் போனவர். வலை இழுக்கும் வின்ச் கயிறு அறுந்து காலில் அடித்திருக்கிறது. கைப்பேசி கடலோடு போய்விட்டது. பொண்டாட்டி நம்பர் உட்பட எல்லா நம்பரும் அதற்குள்தான் இருந்தன. போட்டுக்காரர் அவரைக் கரையில் சேர்த்துவிட்டு, ஆஸ்பத்திரி நம்பரை லூர்துக்குச் சொல்லிவிட்டு, மறுபடியும் தொழிலுக்குப் போய்விட்டார். ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டால், வரவேற்பு மேசையில் இருக்கும் ஆள் பெயரும் வயதும் கேட்கிறான். இவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. அவன் வைத்துவிடுகிறான்.

நானே போன் போட்டேன். "நீங்கள் யார்? டீச்சரா? நோயாளிக்கு டீச்சர் எதற்கு? மனைவியைப் பேசச் சொல்லுங்கள்" என்று எனக்கும் வைத்தான். லூர்துவைப் பேசவிட்டு, பக்கத்தில் நின்று எடுத்துக்கொடுத்துப் பார்த்தேன். இரண்டாவது குரல் கேட்டதும் அதற்கும் வைத்தான். கைப்பேசியைத் தூக்கிச் சுவரில் அடிக்கலாம் போலிருந்தது. அடித்தால் நான்தான் புதிது வாங்க வேண்டும். சரி, ஒன்று, இரண்டு என்று முதலிலிருந்து தொடங்குவோம் என்றேன். இந்தியில் நூறு வரை ஒவ்வோர் எண்ணுக்கும் தனித்தனிப் பெயர், அத்தனையும் மனப்பாடம்தான் என்றும் சொன்னேன். லூர்து என்னை முறைத்துப் பார்த்தாள்.

"நூறு வரைக்கும் எனக்கு எதுக்கு டீச்சர்? எங்க வீட்டுக்காரருக்கு நாப்பத்தேழு. அது ஒண்ணை மட்டும் என் வாயில ஏத்தி விடுங்க, போதும்."

அண்ணாச்சியின் மரியாதை

அதே வகுப்பில் இரும்புக்கடை அண்ணாச்சி ஒருவரும் படித்தார். கடையில் சுமை தூக்குவது பீகார்ப் பையன்கள். "உங்கள் வயது என்ன?" என்பதற்கு "ஆப்கீ உமர் கித்னீ ஹை?" என்று பலகையில் எழுதினேன். அண்ணாச்சி பேனாவைக் கீழே வைத்துவிட்டார். அவருக்கு "உங்கள்" வேண்டாமாம், "உன்" தான் வேண்டுமாம். அதைவிட ஒரு படி இறக்கி ஏதாவது இருந்தாலும் நல்லதாம்.

மூலையில் லூர்து கண்ணை மூடிக்கொண்டு தன் நாற்பத்தேழை இந்தியில் "சைந்தாலீஸ், சைந்தாலீஸ்" என்று செபமாலை உருட்டுகிற மாதிரி சொல்லிக்கொண்டிருந்தாள். அண்ணாச்சி அந்தப் பக்கம் திரும்பி மூக்கைச் சுளித்தார். கூடை படியில் இருந்தும் மீன் வாடை அவர் மேல் ஏறுகிறதாம். எனக்கு வந்த கோபத்தில் சாக்பீஸ் கையிலேயே ஒடிந்தது. சொந்த ஊரை விட்டு ஆயிரம் மைல் தாண்டி வந்து உங்கள் கம்பியைச் சுமக்கிறவனுக்கு ஒரு "ங்க" போட்டால் கடை மூழ்கிவிடுமா என்று கேட்டேன். அண்ணாச்சி கொஞ்சமும் அசரவில்லை.

"சம்பளம் குடுக்குதவன் மருவாதியும் சேத்துல்லா குடுக்கணும்ங்கிய? அதுக்கு என்ன ரேட்டுன்னு சொல்லுங்க டீச்சர், கட்டுபடியாகுதான்னு பாப்போம்."

எல்லோருக்கும் ஜனவரி ஒன்று

மீனை உறைய வைத்து ஏற்றுமதி செய்யும் கம்பெனி ஒன்றின் சூப்பர்வைசர் இன்னொரு மாணவர். பிறந்தநாள் கேட்கப் படித்த மறுநாள், தன் கம்பெனியில் வேலை செய்யும் ஒடிசாக்காரர்கள் எல்லோரிடமும் கேட்டுப் பார்த்துவிட்டு வந்தார். பாதிப்பேர் "ஏக் ஜனவரி" என்றார்களாம். "ஒரே நாள்ல பொறந்திருக்கானுவ டீச்சர், அந்த ஊர்ல மத்த நாளெல்லாம் ஆஸ்பத்திரி லீவு போல" என்று வகுப்பையே சிரிக்க வைத்தார். லூர்து சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை.

ஆதார் அட்டை எழுதப் போன இடத்தில் "எந்த மாதம் பிறந்தாய்?" என்று பொறுமையாகக் கேட்க ஆளில்லை. எழுதுகிறவன் தனக்குச் சௌகரியமான முதல் தேதியைப் போட்டு அனுப்பியிருக்கிறான். அதற்கு இவருக்கு இளிப்பு. "உங்கள் பிறந்தநாளை இந்தியில் சொல்லுங்கள்" என்று அவரை எழுப்பி நிறுத்தினேன். வாயைத் திறந்தார், மூடினார், தலையைச் சொறிந்தார்.

"இதுல ஒரு சிக்கல் இருக்கு டீச்சர். தலைக்கு மேல கையப் போட்டுக் காதைத் தொடச் சொல்லிட்டு ஹெட்மாஸ்டர் போட்ட தேதி ஒண்ணு, எங்கம்மா சொல்லுத தேதி வேற ஒண்ணு. இந்தியில எதைச் சொல்லணும்?"

விடுதலை

ஒரு வாரத்தில் லூர்துவின் நாக்கில் சைந்தாலீஸ் பழகிவிட்டது. காலையில் என் வீட்டுக்கே வந்து போன் போட்டாள். இரண்டாவது குரல் கேட்கக் கூடாதென்று நான் வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன். "மைக்கேல். சைந்தாலீஸ்" என்றாள், தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுகிற மாதிரி. எதிர்ப்பக்கம் விசைப்பலகை தட்டும் சத்தம் கேட்டது. பிறகு, "மைக்கேல், சைந்தாலீஸ்... உஸ்கோ சுட்டீ மில் கயீ." வைத்துவிட்டான். அவரை வீட்டுக்கு அனுப்பியாகிவிட்டது என்று நான் சொன்னதும் லூர்து கழுத்துக் குருசை எடுத்து முத்தமிட்டாள். எனக்கும் முத்தம் கிடைத்தது.

தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். அன்று மாலையே தன் தம்பியைக் கூட்டிக்கொண்டு ரயிலடிக்குப் போய்விட்டாள். மறுநாளும் போனாள். அதற்கு மறுநாளும் போனாள். போட்டுக்காரர் கடலில் இருந்தார், போன் எடுக்கவில்லை. ஆஸ்பத்திரி ஆளோ "போனவரைப் பற்றி இங்கே ஏன் கேட்கிறாய்?" என்று எரிந்து விழுந்தான். நாலாம் நாள் வகுப்புக்கு வந்து பெஞ்சில் உட்கார்ந்தபோது அவள் முகத்தில் ரத்தமே இல்லை.

"கால் சரியில்லாத மனுசன் டீச்சர். பாஷையும் தெரியாது. எந்த ஸ்டேஷன்ல இறங்கி எங்கன கிடக்காரோ."

மிக்கேல் சம்மனசு திருநாள்

அன்றைய பாடம் வீட்டில் உள்ளவர்களின் பிறந்தநாள். அவளை விட்டுவிடலாம் என்றுதான் நினைத்தேன். அவளே எழுந்தாள். "எங்க வீட்டுக்காரரு மிக்கேல் சம்மனசு திருநாளுக்கு முந்தின நாள் பொறந்தவரு, அதான் அந்தப் பேரு. வாற மாசம் நாப்பத்தேழு முடியுது" என்றாள். சம்மனசு என்றால் அவர்கள் பேச்சில் தேவதூதர்.

வாற மாசமா? அப்படியானால் இன்னும் முடியவில்லையே? "முடியல டீச்சர், நடக்குது. நடக்குத வயசைத்தானே சொல்லுவோம்?" என்றாள். சொல்லுவோம்தான். ஜாதகக்காரரிடமும் கல்யாணத் தரகரிடமும் நம் ஊரில் எல்லோரும் நடப்பு வயதைத்தான் சொல்லுகிறோம். ஆஸ்பத்திரிக் கம்ப்யூட்டருக்கு அது தெரியாது. அதன் கணக்கில் லூர்துவின் மிக்கேலுக்கு நாற்பத்தாறு. நாற்பத்தேழு முடிந்த இன்னொரு மைக்கேல் அங்கே இருந்திருக்க வேண்டும். கடற்கரை ஊர்களில் கூப்பிட்டால் நாலு மிக்கேல் திரும்பிப் பார்ப்பார்கள். வீட்டுக்குப் போனது வேறு ஒருவர்!

வகுப்பிலேயே போன் போட்டோம். அண்ணாச்சியே பெஞ்சை விட்டு எழுந்து மேசைக்கு வந்துவிட்டார். "உமர்?" என்றான் அந்த ஆள். நான் பலகையில் நாற்பத்தாறுக்கு "சியாலீஸ்" என்று எழுதினேன். லூர்து பலகையைப் பார்க்கவே இல்லை. வகுப்பில் நான் நாள் முழுக்கக் கத்தும் சொற்களை எடுத்துத் தானாகவே கோத்தாள்: "நம்பர் மத் பூச்சோ! ஆத்மீ தேகோ! மைக்கேல், தமிழ்நாடு, பைர் டூடா! ஜாவோ! தேகோ!" எண்ணைக் கேட்காதே, ஆளைப் பார், கால் ஒடிந்தவன், போய்ப் பார் என்று அவள் போட்ட சத்தம் கீழே வலைக்கடை வரை கேட்டிருக்கிறது. அவன் போனை வைக்கவில்லை. எழுந்து போகும் சத்தம் கேட்டது. வெகுநேரம் கழித்து, "ஏளா லூர்து" என்று ஒரு குரல் வந்தது.

அவள் அழுது முடித்து, ஏசி முடித்தபின் போன் என் கைக்கு வந்தது, அந்தப் பக்கம் வார்டு டாக்டர் பேசினார். வீட்டு ஆளின் சம்மதம் கிடைக்காததால் ஆபரேஷனைத் தள்ளித் தள்ளி வைத்திருந்தார்களாம். இன்னும் தாமதித்திருந்தால் காலையே எடுக்க வேண்டி வந்திருக்கும் என்றார் டாக்டர். வார்டில் இரண்டு மைக்கேல் இருந்தது தெரிந்தும், இவளிடம் "எந்த மைக்கேல்?" என்று ஒரு வார்த்தை கேட்க அந்த மேசைக்காரனுக்கு நாக்கு வளையவில்லை. அவனைப் போனில் கூப்பிடச் சொல்லி, காண்ட்லாவில் லாரிக்காரர்களிடம் கேட்டுப் பழகிய இந்தி மொத்தத்தையும் அவன் தலையில் கொட்டினேன். பாடப்புத்தகத்தில் இல்லாத இந்தி அது. அர்த்தம் கேட்காதீர்கள். லூர்து சம்மதம் சொன்னாள். அன்றைக்கே ஆபரேஷன் என்று டாக்டர் உறுதி கொடுத்தார்.

மறுநாள் தம்பியோடு குஜராத்துக்கு ரயிலேறப் போகிறவள், பையும் கையுமாக என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். வழியில் தண்ணீர் கேட்க, டிக்கெட் கேட்க, டாக்டரிடம் பேச என்று நாலைந்து வாக்கியங்களை எழுதி வைத்திருந்தேன். காகிதத்தை வாங்கி மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். ஆனாலும் நகரவில்லை.

"இதெல்லாம் தம்பி பாத்துக்கிடுவான் டீச்சர். அந்த மேசையில இருக்கவன் மூஞ்சிக்கு நேர நின்னு, 'இத்தனை வயசாகியும் உனக்கு மனுசனப் பாக்கத் தெரியலியே'ன்னு கேக்கணும். அதை மட்டும் இந்தியில சொல்லிக்குடுங்க."

வயதைக் கேட்க எல்லோருக்கும் கற்றுக்கொடுத்துவிட்டேன், ஆளைக் கேட்கக் கற்றுக்கொடுக்கும் பாடம் எந்த மொழிப் புத்தகத்தில் இருக்கிறது என்று தெரிந்த சக வாத்தியார் யாராவது இருந்தால், தயவுசெய்து என் தொண்டை முழுசாகக் கெடுவதற்குள் சொல்லித் தொலையுங்கள்.