முனியாண்டிக்கு வைத்த சோறு

மலாயாவில் வெள்ளைக்காரருக்கும் கம்யூனிஸ்டுகளுக்கும் காட்டுச் சண்டை நடந்த வருடங்களில், சுங்கை சிப்புட்டுக்கு அப்பாலிருந்த எங்கள் ரப்பர் தோட்டத்தில் மரங்களைத் தவிர எல்லோரையும் அணிவகுக்க வைத்துவிட்டார்கள். விடிகாலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில், தோட்டக் கணக்கரான கிராணி அறிவித்தார். பால் வெட்டு ஒரு நாளும் நிற்கக் கூடாது, நின்றால் நாடு தோற்றுவிடும், ஆகவே ஆண்கள் காவல் தொண்டர்களாகச் சேர வேண்டும். கை தூக்காதவர்களின் பெயரையும் அவரே எழுதிக்கொண்டார். எங்கள் தோட்டத்தில் தொண்டுள்ளம் பெருகியது இப்படித்தான்.

அம்மாவின் தம்பி மட்டும் உண்மையிலேயே ஆசைப்பட்டுச் சேர்ந்தார். மாமாவுக்குக் கையில் கட்ட ஒரு பட்டையும் பழைய துப்பாக்கி ஒன்றும் கொடுத்து முள்வேலி வாசலில் நிறுத்தினார்கள். காட்டுக்குள் ஒளிந்திருந்தவர்களுக்குச் சோறு போய்விடக் கூடாதென்று, ஒரு பிடி அரிசிகூட வேலியைத் தாண்டத் தடை இருந்தது. பால் வெட்டுகிறவர்கள் வெறும் வயிற்றோடு போய், வேலை முடிந்து வந்துதான் சாப்பிட வேண்டும். மாமா தன் அக்காவின் கொண்டையையே அவிழ்க்கச் சொல்லிப் பார்ப்பார். தொழிலாளர் குடியிருந்த லயத்தில் யாரும் அவருக்கு முகம் கொடுக்கவில்லை. அதையும் அவர் மரியாதை என்றே எடுத்துக்கொண்டார்.

அப்போது என் தம்பிக்குக் காய்ச்சல் கண்டு ஐந்து நாளாக இறங்கவில்லை. அப்பா இறந்த வருடம் அது. இன்னொரு சாவைத் தாங்க அம்மாவுக்குத் தெம்பில்லை. காட்டோரத்து முனியாண்டிக்குப் படையல் போடுவதாக வேண்டிக்கொண்டார். முனியாண்டி வேலிக்கு வெளியே இருந்தார். சட்டம் போட்டவர்கள் அவரை யோசிக்கவில்லை.

அம்மா ஒரு கவளம் சோற்றை இலையில் மடித்து, மரத்தில் காய்ந்து ஒட்டியிருக்கும் ஒட்டுப்பாலைப் பொறுக்கும் என் வாளிக்குள் வைத்துப் பழந்துணியால் மூடி, என்னோடு வாசலுக்கு வந்தார். ஏழு வயதுப் பெண்ணை யார் சோதிக்கப்போகிறார்கள்? மாமா சோதித்தார். துணியைத் தூக்கியதும் அவர் முகம் வெளுத்தது.

"என்னாக்கா இது?"

"முனியாண்டிக்குடா தம்பி. புள்ள பொழைக்கணும்லா."

மாமா துணியை மூடினார். "சுருக்கா வச்சிட்டு வந்துருங்க. நான் பாக்கல."

படையல் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்கக் கூடாது என்பது வழக்கம். பார்த்தால் சாமி சாப்பிடாது. வரும் வழியெல்லாம் எனக்குக் கழுத்து வலித்தது. நான் திரும்பவே இல்லை.

மறுநாள் தம்பிக்குக் காய்ச்சல் விட்டிருந்தது. பெரட்டுக்கு வந்த வெள்ளைக்கார அதிகாரியின் கையில், காட்டோரத்தில் கிடந்த ஒரு வாழையிலை இருந்தது. ஒரு பருக்கைகூட மிச்சமில்லை. சோறு கொண்டு போனது யார் என்று கிராணி கேட்டார். எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். பாவம், யாருக்கும் விடை தெரியவில்லை என்று நினைத்தேன். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"நாந்தான் கொண்டுபோனேன்! சாமி சாப்பிட்டுருச்சு! மாமாகூடப் பாத்தாரு!"

அம்மா என் வாயைப் பொத்துவதற்குள் மாமா முன்னால் வந்துவிட்டார். "நாந்தாங்கய்யா குடுத்தனுப்புனேன். அக்காவுக்கு ஒண்ணும் தெரியாது" என்றார். துப்பாக்கியை வாங்கிக்கொண்டு அவரை ஜீப்பில் ஏற்றினார்கள். எங்கள் குடும்பத்தில் முதல்முதலாக ஜீப்பில் போனவர் அவர்தான். நான் கை காட்டினேன். அவரும் காட்டினார்.

முகாமில் அடைத்து வைத்திருந்து, பிறகு கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பிவிட்டதாகக் கேள்விப்பட்டோம். அவர் அந்த லயத்தில் பிறந்தவர். இந்தியாவில் அவருக்கு யாருமில்லை. ஒரு கடிதமும் வரவில்லை. சோற்றைத் தின்றது குரங்கோ, நாயோ, பசித்த மனிதனோ, எனக்கு இன்றும் தெரியாது.

வாளியிலிருந்து ஒட்டுப்பாலைக் கொட்டினாலே விளாசுகிற அம்மா, மாமாவை ஏற்றிப்போன அன்று என்னை அடிக்கவில்லை. சோறு போட்டு, நான் சாப்பிட்டு முடிக்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அடி விழாததால், ஏதோ நல்ல காரியம் செய்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டே தூங்கிப்போனேன்.