எண்ணூர் குப்பத்து அடிபம்பும் கறுத்த பாட்டிலும்

போன திங்கட்கிழமை காலை ஐந்து மணிக்கு என் அலமாரியில் இருந்த பாட்டில் கறுத்துப் போயிருந்தது. இந்தப் பயணம் அதனால்தான்.

எண்ணூர் முகத்துவாரத்தை ஒட்டி ஒரு மீனவர் குப்பம். (பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள்.) தெருவுக்கு ஒரே அடிபம்பு, மழைக்காலத்தில் இருந்து பழுது. லாரித் தண்ணீர்தான், அதுவும் வந்தால். நண்பர்கள் நான்கு பேர் சேர்ந்து குழாய் இணைப்பை மாற்றி, வாஷர் போட்டு, பம்பை ஓட வைத்தோம். சனிக்கிழமை மதியம் பன்னிரண்டு மணிக்குப் பரிசோதனைப் பாட்டிலில் தண்ணீர் பிடித்து வந்தேன். உள்ளே ஒரு மருந்துத் தாள் இருக்கும். கழிவு கலந்திருந்தால் தண்ணீர் கறுக்கும், இல்லாவிட்டால் மஞ்சளாகவே இருக்கும். நாற்பத்தெட்டு மணி நேரம் பார்க்க வேண்டும்.

நான் இருபத்து நான்கு மணி நேரம் பார்த்தேன். மஞ்சள். ஞாயிறு மதியமே தண்ணீர் நல்லது என்று சொல்ல ரேவதி அக்காவுக்கு போன் செய்தேன். அந்தத் தெருவில் இருப்பவர், காசிமேட்டில் மீன் ஏலம் எடுத்து விற்பவர். மகள் பவானிக்குக் குழந்தை பிறந்து இருபது நாள். தாய்ப்பால் போதவில்லை.

"கொயந்தைக்கு இந்தத் தண்ணில பால் பவுடர் கலக்கலாமா?"

கலக்கலாம் என்றேன். நல்ல செய்தி சொல்கிற ஆசை. வேறொன்றுமில்லை.

பெரம்பூரில் 5.40 மின்சார ரயில். எண்ணூர் வரை டிக்கெட் ஐந்து ரூபாய். பேசின் பிரிட்ஜில் இறங்கி கும்மிடிப்பூண்டி வண்டிக்கு மாற வேண்டும். பதினெட்டு நிமிடம் நின்றேன். அக்காவின் போன் அடித்துக்கொண்டே இருந்தது. விடியற்காலை ஏலத்தில் நிற்பவர் போனை எடுக்க மாட்டார், தெரியும். எட்டு முறை அடித்தேன். பவானியின் நம்பர் என்னிடம் இல்லை. வாங்கி வைத்திருக்க வேண்டும்.

கொருக்குப்பேட்டை. தண்டையார்பேட்டை. திருவொற்றியூர். ஜன்னலுக்கு வெளியே என்ன இருந்தது என்று கேட்காதீர்கள். கன்டெய்னர் லாரிகள் இருந்திருக்கும். நான் எண்ணிக்கொண்டிருந்தேன். ஞாயிறு மதியத்தில் இருந்து இப்போது வரை எத்தனை பாட்டில் பால்? மூன்று மணி நேரத்துக்கு ஒன்று என்றால் ஆறு.

6.50க்கு எண்ணூர். ஷேர் ஆட்டோ இருபது ரூபாய், இரண்டரை கிலோமீட்டர். டிரைவர் ஆள் சேரக் காத்திருந்தார்.

"தனியா போலாம்ணா."

"எம்பது ரூபா ஆவும்."

"சரி."

பேரம் பேசாததால் திரும்பிப் பார்த்தார். "இன்னாமா, யாருக்கு இன்னா ஆச்சு?"

"தெரியலண்ணா."

"தெரியாமயே இம்மாம் பேஜாராவுற. தெரிஞ்சா இன்னா பண்ணுவ?"

பம்படியில் ஐந்தாறு குடங்கள். தண்ணீர் கண்ணாடி மாதிரி விழுந்துகொண்டிருந்தது. குடிக்காதீர்கள் என்றேன். யாரும் திரும்பவில்லை. மறுபடி கத்தினேன்.

"நேத்து நல்லதுன்ன, இன்னிக்கு கெட்டதுன்ற. தண்ணிக்கு உன்னாட்டம் புத்தி மாறுமா இன்னா?" என்றார் பம்பு அடித்துக்கொண்டிருந்தவர். எல்லோரும் சிரித்தார்கள். நான் ரேவதி அக்காவின் வீட்டுக்கு ஓடினேன்.

மூன்றாவது வீடு. குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. மூச்சு வருகிறதா என்று முதலில் பார்த்தேன்.

"ராவுலேர்ந்து ரெண்டு வாட்டி தண்ணியா போச்சுக்கா," என்றாள் பவானி.

"பவுடர் எந்தத் தண்ணியில கலந்த?"

"பம்பு தண்ணிதான். காய்ச்சவே இல்ல. நீதான சொன்ன?"

அவள் குற்றம் சாட்டவில்லை. நடந்ததைச் சொன்னாள்.

ஆரம்ப சுகாதார நிலையம் ஒரு கிலோமீட்டர், குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனோம். எட்டு மணிக்கு டாக்டர் வந்தார். நாக்கை, உச்சிக்குழியைத் தொட்டுப் பார்த்தார். பால் குடிக்கிறது, சிறுநீர் போகிறது, இப்போதைக்குப் பயமில்லை என்றார். முடிந்தவரை தாய்ப்பால். பவுடர் என்றால் கொதிக்க வைத்த தண்ணீரில் மட்டும். குடிக்க மறுத்தாலோ, துவண்டாலோ உடனே தூக்கி வர வேண்டும். "ரெண்டு நாள் கவனிங்க."

ஒன்பதரைக்குத் திரும்பினோம். ரேவதி அக்கா அப்போதுதான் காசிமேட்டில் இருந்து வந்து பம்படியில் நின்றார். பக்கத்தில் ஒரு பழைய பெயிண்ட் வாளி, பாதி தண்ணீர். மீன் செதில் ஒட்டிய கைகளை அதில் அலசினார். பிறகு அதே வாளியில் ஒரு மக்கு மொண்டு பம்பின் தலையில் ஊற்றி அடிக்கத் தொடங்கினார்.

வாஷர் நனைந்தால்தான் பம்பு தண்ணீரை இழுக்கும். ஆனால் வாளித் தண்ணீரையா?

"நல்ல தண்ணிய எவளாச்சும் பம்புல ஊத்துவாளா?" என்றார் அக்கா. லாரிக்காகக் காத்திருந்த தெரு இது. எதையும் இரண்டு முறை பயன்படுத்தாமல் கீழே விடமாட்டார்கள். அந்த மக்குத் தண்ணீர் முதல் குடத்தோடு கலந்து வெளியே வரும். அக்கா வீட்டில் முதல் குடம் குழந்தைக்கு.

சனிக்கிழமை நான் பாட்டிலில் பிடித்ததும் அந்த முதல் தண்ணீரைத்தான். முப்பது அடி அடித்துக் கீழே விட்ட பிறகுதான் பாட்டிலைப் பிடிக்க வேண்டும். அவர்கள் முன்னால் அவ்வளவு தண்ணீரை மண்ணில் விட வெட்கமாக இருந்தது. முதல் அடியிலேயே பிடித்துவிட்டேன்.

விஷயத்தைச் சொன்னேன், குழந்தையைப் பற்றியும் சொன்னேன். அக்கா திட்டவில்லை. திட்டியிருக்கலாம். வாளியைக் கவிழ்த்தார். காய்ச்சிய தண்ணீரை மூடி போட்ட கேனில் கொண்டுவந்து பம்பில் ஊற்றினார். முப்பது அடி. "துணி தோய்க்கவாச்சும் ஆவும்," என்று ஒருவர் குடத்தை அடியில் வைத்தார். பதினொரு மணிக்குப் புதிய பாட்டிலை நிரப்பினேன். அக்கா கையை நீட்டினார்.

"இது எங்கூட்ல இருக்கட்டும்."

இப்படி ஒரு வேலைக்குக் கிளம்புகிறவர்களுக்கு: பாட்டில் ஒன்று நாற்பது ரூபாய்க்குக் கிடைக்கிறது, இரண்டாக வாங்குங்கள். மணியைப் பாட்டிலின் மேலேயே எழுதுங்கள். பம்பைச் சரிசெய்தவுடன் கிளம்பாதீர்கள், ஒரு காலை முழுக்க நின்று அதை எப்படி அடிக்கிறார்கள் என்று பாருங்கள். முடிவு தெரியும்வரை "காய்ச்சிக் குடிங்க" தவிர வேறு எதுவும் சொல்லாதீர்கள். ஒரு வீட்டில் இரண்டு நம்பராவது வாங்கி வையுங்கள்.

தண்ணீர் கொடுப்பது நல்ல காரியம் என்று நினைத்திருந்தேன். நம்பிக் குடிக்கிறவர்கள் இருக்கும்போது அது பயமான காரியமும்.

புதன் காலை பதினொரு மணிக்குப் பாட்டிலின் படம் வந்தது. மஞ்சள். பிறகு போன்.

"கொயந்த நல்லா கீது. பால் குட்ச்சிகினு கீது."

"இன்னும் ஒரு நாள் பாருங்கக்கா. காய்ச்சியே குடுங்க."

"நீ சொல்லாத," என்றார். "நாங்களே பாத்துக்குறோம்."

வைத்துவிட்டார். நான் படத்தைப் பெரிதாக்கி, மூலை மூலையாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.