திருவாதிரைக்கு மாமா போட்ட மார்க்

1968 ஜனவரி 28, ஞாயிறு, மாலை ஏழு மணி பத்து நிமிடம். மேகம் இல்லை, காதைப் பொத்திக்கொள்ளும் அளவுக்குக் குளிர். பதினொரு வயதான நான் திருவாதிரைக்கு முதல் மார்க்கைக் கிராப் தாளில் குறித்தேன்: ஆறு.

அந்தச் சிவப்பு நட்சத்திரத்தின் ஒளி கூடும், குறையும் என்று அறிவியல் வாத்தியார் சொல்லியிருந்தார். எவ்வளவு என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும். சற்றுத் தள்ளி இருந்த வெள்ளை நட்சத்திரத்துக்குப் பத்து என்று வைத்துக்கொண்டு இதற்கு மார்க் போட்டேன். இரண்டு கண் போதாதென்று மாமாவையும் வாசலுக்கு இழுத்து வந்தேன். திருப்பூரில் ஒரு சலவைப் பட்டறையில், பனியன் துணிக்கு நீலம் போதுமா, வெள்ளை சரியா என்று பார்த்துச் சொல்வது அவர் வேலை. அவர் தலையசைக்காமல் ஒரு துணியும் வெளியே போகாது.

மாமா பன்னிரண்டு போட்டார்.

“இல்லீங்க மாமா, வெள்ளைதானுங்க தூக்கலா இருக்குது.”

“அதா? பழுப்படிச்சுக் கெடக்குது கண்ணு. நீலம் பத்தாத பனியனாட்ட.”

இருபத்தொன்பது மாலைகள் பார்த்தோம்; இருவர் மார்க்கையும் அதே தாளில் கோடாக இழுத்தேன். நான் ஆறைத் தாண்டவில்லை. அவர் பன்னிரண்டிலிருந்து இறங்கவில்லை.

“ஊருக்கே வெள்ளை பாத்துச் சொல்ற மனுசன். அவருகிட்டப் போயி எதுத்துப் பேசறயாக்கும்?” என்று அம்மா சிரித்தாள்.

எனக்கு வெட்கமாகிவிட்டது. என் புள்ளிகள் இருபத்தொன்பதையும் அழித்து, மாமாவின் கோட்டின் மேலேயே வைத்தேன். “சரியாப் பாத்தா எனக்கும் அப்படித்தானுங்க தெரியுது” என்று மாமாவிடமும் சொன்னேன்.

மறுவாரம் நடுப்பகலில் மாமா தூக்குப்போசியோடு வந்து நின்றார். ஒரு லாட் துணி முழுவதும் நீலம் பாரித்துவிட்டதாம். கண்ணை எங்கே வைத்திருந்தீர்கள் என்று முதலாளி கேட்டாராம்.

“அந்தத் தாளை எடு கண்ணு. உனக்கும் எனக்கும் ஒரே மாதிரிதானே தெரிஞ்சுது?”

பெருமையாக விரித்துக் காட்டினேன். இரண்டு கோடும் ஒன்றாக ஓடின. மாமா விரலால் தடவிப் பார்த்தார், முகம் தெளிந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்ற அத்தையிடம், “சின்னப் பையன் கண்ணும் இதையேதான் சொல்லுது, பாரு” என்றார். பிறகு மூன்று பட்டறை மாறினார். மூன்றிலும் துணி நீலம் பாரித்தது.

போன மாசியில் எனக்கு வலக்கண்ணில் புரை எடுத்தார்கள். ஒரு மாலை அதே நட்சத்திரங்களைப் பார்த்தேன். வலக்கண்ணுக்கு வெள்ளை, வெள்ளையாகவே இருந்தது. இன்னும் புரை எடுக்காத இடக்கண்ணுக்கு அது நீலம் பத்தாத பனியன்.

மாமா அன்று தன் கண்ணைப் பற்றித்தான் கேட்டார் என்று எனக்கு அப்போது தெரியாது. அழிப்பதற்கென்றே புது ரப்பர் ஒன்று வாங்கியிருந்தேன். ஐந்து பைசா.