அத்தானுக்கு வந்த டெங்கு

போர்ட் பிளேயரைப்போல இருமல் மருந்து குடிக்கிற ஊரை நான் பார்த்ததில்லை. ஃபீனிக்ஸ் பே கப்பல் ஜெட்டிக்குப் போகும் சாலையில் அக்கா வீட்டுக்காரர் மருந்துக்கடை வைத்திருந்தார். நான் அங்கே பார்மசிஸ்ட். அவருடைய அப்பா ராமநாதபுரத்திலிருந்து கப்பலேறி வந்து திறந்த கடை அது. ஊர் வரலாறே அங்கிருந்துதான் தொடங்குகிறது என்பது அத்தானின் கட்சி. தீவை விட்டு மலேரியாவை விரட்டியது அவர் அப்பாதானாம். ஆஸ்பத்திரி ஏதோ கூடமாட ஒத்தாசை செய்ததாம்.

அந்த வரலாற்றுக் கடையில் அதிகம் விற்றது கோடீன் என்கிற போதைச் சரக்கு கலந்த இருமல் சிரப். வாங்க வருகிறவர்கள் நான் டாக்டர் சீட்டு கேட்டால் மட்டும் இருமுவார்கள். அத்தான் எழுந்து வந்து தானே எடுத்துக் கொடுப்பார். "பாவம், நெஞ்சு கட்டியிருக்கு" என்பார்.

அவர் வியாபாரிகள் சங்கத் தலைவரும்கூட. போதை ஒழிப்புக் கூட்டத்தில் மைக்கைப் பிடித்து, "இந்தச் சனியனெல்லாம் மெயின்லேண்டுலேருந்து கப்பல்ல வருது!" என்று முழங்கினார். பொய்யில்லை. எங்கள் கடை முகவரிக்குத்தான் வந்துகொண்டிருந்தது.

பிறகு புயல் வந்தது. கப்பல் நின்றது, சிரப் தீர்ந்தது. வாடிக்கையாளர்கள் இருமக்கூட மறந்து, மூக்கு ஒழுக, வேர்த்து விறுவிறுத்து வந்து நின்றார்கள். ஜெட்டியில் கிரேன் ஓட்டுகிற தெலுங்குக்காரர் கையெடுத்துக் கும்பிட்டார். "தீதி, ஏக் போத்தல் தே தோ." ஒரு பாட்டில் குடுங்கக்கா என்று, ஊருக்கே பொதுவான இந்தியில். இல்லை என்றதும் அங்கேயே உட்கார்ந்து அழுதார். அத்தானைத் தேடினேன். அவர் கடைக்கே வரவில்லை.

அக்கா போன் செய்தாள். "அத்தானுக்கு டெங்கு போலிருக்குடி, ஓடியா."

அவர் கட்டிலில் சுருண்டு கிடந்தார். கொட்டாவிமேல் கொட்டாவி, கால்கள் தாமாக உதைத்துக்கொண்டன. காய்ச்சல் இல்லை. கவுண்டருக்கு அந்தப் பக்கம் பார்த்த அதே முகம்.

"எப்பலேருந்து குடிக்கிறீங்க அத்தான்?"

"இருமலுக்குத்தாம்மா..."

"எங்க, இருமுங்க பாப்போம்."

முயன்றார். வரவில்லை. முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு விசும்பினார். அக்கா என்னைப் பிடித்து உலுக்கினாள். "அவரு சங்கத் தலைவருடி! அவரைப் போயி..."

ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனோம். துண்டால் முகத்தை மூடியபடி வார்டுக்குள் நுழைந்தார். பக்கத்துக் கட்டிலில் அந்த கிரேன்காரர். எழுந்து உட்கார்ந்து மரியாதையாக, "நமஸ்தே, அத்யக்ஷ்ஜி" என்று தலைவருக்கு வணக்கம் சொன்னார்.

தலைவருக்கு டெங்கு என்று சங்கம் நம்பியது. அல்லது நம்புவதே சௌகரியம் என்று முடிவெடுத்தது. அவசரக் கூட்டம் போட்டு கடைவீதி முழுக்கக் கொசுப்புகை அடித்தார்கள். அடுத்த கப்பலில் வந்த சிரப் பெட்டிகளை அக்கா பிரிக்காமலே திருப்பி அனுப்பினாள். கடைச்சாவி இப்போது அவள் இடுப்பில். சிரப் வாங்குகிற கூட்டம் எதிர்த்த கடைக்கு மாறிவிட்டது. அந்தக் கடைக்காரரைத்தான் சங்கத்துக்குப் புதுத் தலைவராகத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள்.

அத்தான் இன்னும் சிகிச்சைக்குப் போய் வருகிறார். ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்குள் போனபின்னும் ஹெல்மெட்டைக் கழற்றுவதில்லை. மருந்து வரிசையில் அவருக்கு முன்னால் நிற்கிற கிரேன்காரர், தன் முறை வந்தால் விலகி, ஹெல்மெட்டுக்கு வழிவிடுகிறார்.