கூட்டத்தைப் பார்க்கிறவர்

பந்து வானத்துக்குப் போய்விட்டது. டிவிக்கடையில் நின்றிருந்த இருபது பேரும் கூடவே அண்ணாந்தார்கள், பந்து கடையின் கூரையைப் பிய்த்துக்கொண்டு வரப்போவது போல. ஷட்டர்காரர் மட்டும் அசையவில்லை. பாதி இறக்கிவிட்ட ஷட்டருக்கு அடியில் குத்துக்காலிட்டு, கிரீஸ் டப்பாவும் கையுமாகக் காத்திருந்தார். பந்து எங்கோ விழுந்து, கேமரா பார்வையாளர்கள் பக்கம் திரும்பியபோதுதான் மூக்குக்கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டு எழுந்தார். டிவியின் முன்னால் போய் நின்று இடமிருந்து வலமாக ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். மூன்று நொடிதான். மறுபடி மைதானம் வந்ததும் திரும்பி வந்து ஷட்டருக்கு அடியில் உட்கார்ந்துகொண்டார்.

"என்ன ஷட்டர், சிக்ஸா ஃபோரா?" என்று டிவிக்கடை முதலாளி வம்புக்கு இழுத்தார்.

"யாருக்குத் தெரியும்? கூட்டம் நல்ல கூட்டம். மேல் வரிசையில கொஞ்சம் காலி கிடக்கு."

இது போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். நம் நாட்டுக்கும் பக்கத்து நாட்டுக்கும் பெரிய மேட்ச். இரண்டு நாட்டுக்கும் ஆகாது என்பதால் இவர்கள் அங்கே போய் ஆடுவதில்லை, அவர்கள் இங்கே வருவதில்லை. கடல் தாண்டி மூன்றாவதாக ஒரு நாட்டில்தான் வைத்துக்கொள்கிறார்கள். சண்டை போட்டுக்கொண்ட சம்பந்திகள் கோயிலிலோ கல்யாண மண்டபத்திலோ சந்தித்துக்கொள்கிற மாதிரி.

ஷட்டர்காரருக்கு வயது ஐம்பத்துநான்கு. எங்கள் கடைத்தெருவில் எந்த ஷட்டர் மக்கர் செய்தாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். வந்ததும் கருவிப்பெட்டியைத் திறக்கமாட்டார். ஷட்டரில் காதை வைத்து, கதவை ஒரு சாண் மேலே தூக்கி, ஒரு சாண் கீழே விட்டுக் கேட்பார். "ஸ்பிரிங் நல்லா இருக்கு. கதவு ஓடுற ஓரத் தண்டவாளத்துலதான் கல்லு மாட்டியிருக்கு" என்பார். அப்படித்தான் இருக்கும். முரட்டுத்தனமாக இழுக்கிற கடைக்காரர்களைக் கண்டால் அவருக்குக் கோபம் வரும். "ஷட்டரு மாமனார் மாதிரிங்க. இழுத்தா முறுக்கிக்குவாரு. லேசா தாங்கிவிட்டா அவரே மேல போயிடுவாரு."

என் மூக்குக்கண்ணாடிக்கடை டிவிக்கடைக்கு அடுத்த கடை. அவர் முதல்முறை கண் பரிசோதனைக்கு வந்தபோது, எதற்குக் கண்ணாடி, படிக்கவா என்று கேட்டேன். "படிக்கிறதுக்கு என்ன இருக்கு? டிவியில கூட்டம் தெரியுதுல்ல, அதுல பின்னாடி உக்காந்திருக்கவங்க மூஞ்சி தெரியணும்" என்றார். இருபத்திரண்டு வருடத்தில் எத்தனையோ விதமான கண்ணோடு ஆட்கள் வந்திருக்கிறார்கள், இப்படி ஒரு தேவையோடு வந்தவர் அவர் ஒருவர்தான். ஆளைக் கிறுக்கு என்று நினைத்தேன். அதை இப்போது எழுதவே வெட்கமாக இருக்கிறது.

விஷயம் இதுதான். அவருக்கு ஓர் அக்கா, ஏழு வயது மூத்தவள். அம்மா விடியற்காலையிலேயே மில்லுக்குப் போய்விடுவதால் இவரைக் குளிப்பாட்டி, சோறு போட்டு, பள்ளிக்கு அனுப்பியதெல்லாம் அவள்தான். இடது கையால் இவருடைய தாடையை அசையாமல் பிடித்துக்கொண்டு வலது கையால் தலை சீவிவிடுவாளாம். "அந்தப் பிடி இருக்கே, திருடனப் பிடிச்ச மாதிரி இருக்கும். வகிடு நேரா வர்ற வரைக்கும் விடமாட்டா."

அந்த அக்காவைப் பக்கத்து நாட்டில் கட்டிக்கொடுத்தார்கள். எல்லைக்கு அந்தப் பக்கமும் நம் பேச்சுதான், நம் ஜனம்தான். அப்போது காலையில் ஒரு பஸ் போகும், சாயங்காலம் ஒன்று திரும்பும். அக்கா வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு இருட்டுவதற்குள் வந்துவிடலாம். கல்யாணமாகி நான்காவது வருடம் பஸ் நின்றது. அடுத்து ரயில் நின்றது. பிறகு விசாவும் நின்றது. அம்மா போனபோதுகூட அக்காவால் வர முடியவில்லை. முப்பத்திரண்டு வருடம் அப்படியே ஓடிவிட்டது.

"இப்பத்தான் போன்லயே ஆளைப் பாக்கலாமே" என்று நானும் எல்லோரையும் போலக் கேட்டேன்.

"பாக்குறேனே, தினம் பாக்குறேன். அக்காவோட நெத்தி தெரியும், மேல ஓடுற ஃபேன் தெரியும். போனை அவ காதுல வெச்சுக்கிட்டுத்தான் பேசுவா. ஆளு எங்க தெரியுது? எப்படி நடக்குறா, எப்படி உக்கார்றா, ஒண்ணும் தெரியலையே" என்றார். சொல்லிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

எட்டு வருடங்களுக்கு முன்னால் ஒரு நாள், இதே டிவிக்கடையில் ஷட்டரின் பூட்டை மாற்றிக்கொண்டிருந்தார். ஏதோ மேட்ச் ஓடியது. கேமரா கூட்டத்தின் பக்கம் திரும்பியபோது, ஒரு பெண் முழங்காலில் கையை ஊன்றி ஒவ்வொரு படியாக இறங்கிக்கொண்டிருந்தாள். "அக்கா!" என்று இவர் போட்ட சத்தத்தில் முதலாளி கையிலிருந்த டீ கவிழ்ந்தது. யாரும் நம்பவில்லை. அன்றைக்கே போன் போட்டுக் கேட்டார். மாமா வேலை பார்க்கிற கம்பெனி குடும்பத்தோடு எல்லோரையும் அந்த மேட்சுக்குக் கூட்டிப்போயிருந்ததாம், அக்காதானாம். அதிலிருந்து மேட்ச் என்றால் கூட்டத்தைப் பார்க்க வந்துவிடுவார். ஒருமுறை வந்தவள் இன்னொரு முறை வராமலா போவாள் என்பது அவர் கணக்கு.

கூட்டத்தைப் பார்த்துப் பார்த்து அதில் அவருக்கு ஒரு தேர்ச்சியே வந்துவிட்டது. "சிக்ஸு போனா குதிக்கிறவனக் காட்டுவான். அவுட்டானா தலையில கை வெச்சவனக் காட்டுவான். ரெண்டும் இல்லாதப்ப தூங்குறவனக் காட்டுவான், இல்லாட்டி கைக்குழந்தையக் காட்டுவான்." ஆனால் ஓர் ஓவருக்கு எத்தனை பந்து என்று கேட்டால் விழிப்பார். தெருவே இவரைக் கிரிக்கெட் பைத்தியம் என்று நினைத்தது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? இவரும் மறுக்கவில்லை.

இரண்டு வருடங்களுக்கு முன்னால் இப்படியே ஒரு பெரிய மேட்ச் வந்தது. டிக்கெட் கையில் இருந்தால் அந்த மூன்றாவது நாட்டில் இரண்டு நாட்டுக்காரர்களுக்கும் விசா கொடுக்கிறார்கள் என்று அக்காதான் விசாரித்துச் சொன்னாள். பக்கத்துப் பக்கத்து இருக்கையாக இரண்டு டிக்கெட் எடுத்தார்கள். "கூட்டத்துல ரெண்டு கலருதான்டா இருக்கும், உங்க கலரு, எங்க கலரு. நீ மூணாவது கலர்ல வா. தூரத்துல இருந்தே கண்டுபிடிச்சிடுறேன்" என்றாளாம். கத்தரிப்பூ நிறத்தில் இவர் ஒரு சட்டை தைத்துக்கொண்டார். தைத்த நாளே போட்டுக்கொண்டு என் கடை நிலைக்கண்ணாடியில் வந்து பார்த்தார். நன்றாக இல்லை. நன்றாக இருக்கிறது என்று சொன்னேன்.

விசா அதிகாரி கடைசியாக ஒரு கேள்வி கேட்டாராம், யார் ஜெயிப்பார்கள் என்று. "யாரு ஜெயிச்சா என்னங்க, எங்க அக்கா வந்தாப் போதும்" என்றிருக்கிறார் இவர். அதிகாரி சிரித்துவிட்டு முத்திரை குத்திவிட்டார்.

விமானத்தைவிட்டு இறங்கிப் போனை ஆன் செய்ததும் அக்கா அழைத்தாள். இரண்டு நாள் முன்னால் மாமா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. அவரை விட்டுவிட்டு எப்படி வருவது? "முந்தியே சொன்னா நீயும் போகாம இருந்திடுவன்னுதான்டா சொல்லல. நீயாவது போய் உக்காரு. நான் வீட்டுல டிவியில பாக்குறேன். எப்படியாவது கேமராவுல வந்துடு."

அன்றைக்கு அவர் செய்ததை நினைத்தால் எனக்கு இன்றும் சிரிப்பு வருகிறது. கேமரா எப்போது கூட்டத்தைப் பார்க்கும் என்பது அவருக்கு மனப்பாடம். ஆனால் எந்த விக்கெட் யாருடையது என்பது தெரியாது. சத்தம் கேட்டபோதெல்லாம் எழுந்து குதித்திருக்கிறார். நம் ஆள் ஸ்டம்பு பறந்து போகும்போதும் இரண்டு கையையும் தூக்கி ஆடியிருக்கிறார். பின்வரிசைக்காரர்கள், "யோவ் பெரியவரே, நீ எந்த ஊரு ஆளுய்யா?" என்று அடிக்காத குறை. கேமரா இவர் பக்கமே வரவில்லை. பக்கத்து இருக்கை காலியாகக் கிடந்தது. வெயிலில் உட்கார்ந்திருந்த சிலர் வந்து ஆள் இருக்கிறதா என்று கேட்டார்கள். "இருக்காங்க. வந்துட்டிருக்காங்க" என்று அத்தனை பேரையும் அனுப்பிவைத்தார். மேட்சின் கடைசி ஓவர் வரைக்கும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆட்டம் முடிந்து எல்லோரும் எழுந்தபோது இவரால் எழுந்திருக்க முடியவில்லை. காலி இருக்கையின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கண்ணிலிருந்து வழிந்தது. அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்பார்கள். அப்போதுதான் கேமரா இவரைக் கண்டுகொண்டது. நம் நாடு தோற்றிருந்தது. வர்ணனையாளர் குரல் தழுதழுக்க, நாட்டின் தோல்வியைத் தாங்க முடியாத ஒரு ரசிகர் என்றார். கத்தரிப்பூச் சட்டையும் கலைந்த தலையுமாக அவர் முகம் டிவி நிறைய நின்றது. எங்கள் கடைத்தெருவில் அன்று பாதிப்பேர் அவரைப் பார்த்துத்தான் அழுதார்கள். நானும்தான்.

அவர் அங்கிருந்து மனைவிக்குப் போன் செய்து கேட்ட முதல் கேள்வி, "நான் தெரிஞ்சேனா?" இரண்டாவது கேள்வி, "யாரு ஜெயிச்சது?" அந்த அம்மாள் இதைத் தெருவெல்லாம் சொல்லிச் சிரித்தார்.

அக்கா என்ன சொன்னாள் என்பதை அவர் வெகுநாள் யாரிடமும் சொல்லவில்லை. கண்ணாடியின் கால் உடைந்து சரிசெய்ய வந்த ஒரு நாள், கடையில் வேறு ஆள் இல்லாதபோது என்னிடம் சொன்னார். "பாத்துட்டேன்டா, முழுசாப் பாத்துட்டேன்னு அழுதா. நானும் அழுதேன். அப்புறம் திட்டுனா பாருங்க. அத்தன பேரு இருக்குற எடத்துக்குத் தலையக்கூட சீவாமயாடா போவ, உன்னை வளத்தவ ஒருத்தி இருக்கான்னு நெனப்பு வேணாமான்னு." அன்றையிலிருந்து அவர் சட்டைப்பையில் டெஸ்டருக்குப் பக்கத்தில் ஒரு சீப்பு இருக்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை மேட்சுக்கும் இருவரும் டிக்கெட் எடுத்தார்கள். மாமா தடியூன்றி நடக்கத் தொடங்கிவிட்டார். அக்காவுக்கு விசா வந்தது. இவருக்கு வரவில்லை. வேறு அதிகாரியாம், ஒரு பெண். அதே கேள்வி, இவரும் அதே பதிலைத்தான் சொல்லியிருக்கிறார். "போன தடவ சொன்னப்ப சிரிச்சாரு. இந்தத் தடவ எழுதிக்கிட்டாங்க" என்றார். கிரிக்கெட் பார்க்கப் போகிற ஆள் இல்லை என்று காகிதத்தில் போட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். பொய் என்று அதைச் சொல்லவும் முடியாது. பொய் சொல்லத் தெரியாதவனுக்கு வெளிநாட்டுப் பயணம் எதற்கு என்று எனக்குத்தான் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அவர் கோபப்படவில்லை. அக்காவிடம் மட்டும், "நீ போயிடு. இந்தத் தடவ மூணாவது கலரு உன்னோடது" என்று சொல்லிவிட்டு, டிவிக்கடை ஷட்டருக்கு கிரீஸ் போட ஞாயிற்றுக்கிழமையே வருகிறேன் என்று முதலாளிக்குச் சொல்லி அனுப்பினார். அந்த ஷட்டருக்கு ஒரு குறையும் இல்லை. முதலாளிக்கும் அது தெரியும்.

மத்தியானம் முழுக்க அந்தக் குறையில்லாத ஷட்டருக்கு அவர் கிரீஸ் போட்டார். கூட்டம் வரும்போதெல்லாம் எழுந்து போவார், வந்து உட்காருவார். நாலரை மணிக்கு யாரோ அவுட்டானார்கள். கடையே கத்தியது. கேமரா பக்கத்து நாட்டு ரசிகர்கள் இருந்த மேல்வரிசைக்குப் போனது. ஒரே நிறமாகக் குதித்துக்கொண்டிருந்த ஜனத்துக்கு நடுவே ஒரு காலி இருக்கை தெரிந்தது. அதற்கு அடுத்த இருக்கையில், தோளில் கத்தரிப்பூ நிறச் சால்வையோடு வயதான ஓர் அம்மாள். குதிக்கவில்லை. நிமிர்ந்து உட்கார்ந்து நேராகக் கேமராவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஷட்டர், அங்க பாருங்க!" என்று நான்தான் கத்தினேன்.

அவர் ஏற்கனவே எழுந்து நின்றிருந்தார். கிரீஸ் கையைச் சட்டையிலேயே துடைத்துக்கொண்டு பையிலிருந்து சீப்பை எடுத்தார். டிவிக்கு நேராக நின்று, இடது கையால் தன் தாடையைத் தானே இறுக்கிப் பிடித்துக்கொண்டு, வகிடு நேராக வரும்வரை தலையைச் சீவினார்.